சென்ட்ரல் லாக் கோளாறு: பாகத்தை மாற்றும் முன் ஒரு பல்பை வைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை தொடங்கியதும் சென்னையில் கார் எலக்ட்ரிக்கல் கடைகளுக்கு ஒரே புகாரோடு வண்டிகள் வரத் தொடங்கும். "ரிமோட்டை அழுத்தினா மூணு கதவு பூட்டுது, ஒண்ணு மட்டும் பூட்டல." பல இடங்களில் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "ஆக்சுவேட்டர் போச்சு சார், மாத்திடலாம்." வண்டி கொஞ்சம் பழையதென்றால், "நாலையும் எடுத்துட்டு புது செட்டே போட்டுடுங்க." ஆக்சுவேட்டர் என்பது கதவுக்குள் இருந்து பூட்டை நகர்த்தும் மோட்டார். கதவின் உள்பக்க அட்டையான டோர் பேடைக் கழற்றாமல், ஒரு பல்பைக்கூட வைத்துப் பார்க்காமல் சொல்லும் இந்தத் தீர்ப்பு பல நேரம் தவறாகிவிடுகிறது. புது ஆக்சுவேட்டர் போட்ட பிறகும் அதே கதவு பூட்டாமல் வண்டி திரும்பி வரும். பழுது வேறு இடத்தில் இருந்திருக்கும். கார் வைத்திருப்பவர்களும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

கதவைக் கவ்விப் பிடிக்கும் கொக்கியான லாட்ச்சோடு சேர்ந்தோ, தனியாக ஒரு ராடு (கம்பி) வழியாக அதை நகர்த்தும்படியோ இந்தச் சின்ன டிசி மோட்டார் இருக்கும். அதற்கு இரண்டே ஒயர். ஒன்றில் பிளஸ், மற்றதில் எர்த் (பேட்டரி மைனஸ்) வந்தால் பூட்டும். அதுவே மாறி வந்தால் திறக்கும். பட்டனை அழுத்தியதும் அரை நொடியோ ஒரு நொடியோதான் கரண்ட் வரும். மற்ற நேரமெல்லாம் இரண்டு ஒயரும், கரண்டை மாற்றிவிடும் சுவிட்சான ரிலே வழியாக எர்த்திலேயே நிற்கும். இந்த ஒரு விஷயம் மனதில் இருந்தால் பாதிப் பழுதை வண்டிக்கு வெளியே நின்றே கணித்துவிடலாம்.

முதலில் காதைப் பயன்படுத்துங்கள். ஒருவர் பட்டனை அழுத்த, இன்னொருவர் பழுதான கதவில் காதை வைத்துக் கேட்கட்டும். 'டக்' என்று பலமாகச் சத்தம் வந்தும் பூட்டு நகரவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, ராடைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும் அல்லது லாட்ச் துருவேறி இறுகியிருக்கும். அதற்கு எலக்ட்ரிக்கல் வேலையே தேவையில்லை. 'க்ர்ர்' என்று இழுத்தால் உள்ளே பல்சக்கரம் தேய்ந்திருக்கிறது. சத்தமே இல்லை என்றால்தான் ஒயரைத் தேடிப் போக வேண்டும். பின் கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை என்ற புகாருக்கு முதலில் கதவின் ஓரத்தில் உள்ள சைல்டு லாக் நெம்பைப் பாருங்கள். வாட்டர் சர்வீஸில் துணி பட்டு அது நகர்ந்திருக்கும்.

ஒரே ஒரு கதவு மட்டும் செத்திருந்தால், ஆக்சுவேட்டரைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் கதவுக்கும் அது மாட்டியிருக்கும் தூணான பில்லருக்கும் நடுவில், ஒயர்களை மூடியிருக்கும் ரப்பர் உறையான ரப்பர் பூட். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அதற்குள் இருக்கும் ஒயர்கள் ஒரே இடத்தில் மடங்கி நிமிரும். மேலுறை நன்றாகவே தெரியும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும். கத்திரி வெயிலில் ரப்பரும் மேலுறையும் விறைத்துப்போவது இதை இன்னும் வேகப்படுத்தும். அதிகம் பயன்படுவதால் டிரைவர் கதவில்தான் இது முதலில் வரும். அதே கதவின் பவர் விண்டோ அவ்வப்போது நின்றாலோ, ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடினாலோ, சைடு மிரர் மோட்டார் அடம்பிடித்தாலோ சந்தேகமே வேண்டாம். எல்லாம் அந்த ஒரு ரப்பருக்குள்தான் போகின்றன. பட்டனை அழுத்திக்கொண்டே கதவைப் பாதி திறந்து, முழுக்கத் திறந்து, அந்த ரப்பரைக் கையால் மெதுவாக வளைத்துப் பாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் லாக் வேலை செய்தால் பழுது கிடைத்துவிட்டது. ரப்பரைப் பில்லர் பக்கம் உருவி, ஒவ்வொரு ஒயரையும் இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுங்கள். நல்ல ஒயர் இழுபடாது. உள்ளே அறுந்தது மேலுறையோடு ரப்பர் பேண்டு போல நீளும்.

இந்த இடத்தில் மல்டிமீட்டர் ஏமாற்றும் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். இருபது இழையில் ஒரே ஒரு இழை மட்டும் தொட்டும் தொடாமலும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும். ஏனென்றால் மீட்டர் எடுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லாத அளவு. மோட்டாருக்குச் சில ஆம்பியர் வேண்டும். அந்த அரைகுறைத் தொடுகை அதைத் தாங்காது, வோல்டேஜ் அங்கேயே விழுந்துவிடும். "மீட்டர்ல 12 வருது, அப்போ ஆக்சுவேட்டர்தான் போச்சு" என்று புது பாகம் வாங்க வைப்பது இந்தப் பிழைதான். தவிர, அரை நொடி மட்டும் வரும் கரண்டைச் சாதாரண டிஜிட்டல் மீட்டர் சரியாகப் பிடிப்பதும் இல்லை.

அதனால்தான் பல்பு. இண்டிகேட்டரில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பும் ஒரு ஹோல்டரும் இரண்டு ஒயரும் போதும். அந்தப் பல்பு 1.75 ஆம்பியர் எடுக்கும். எல்இடி டெஸ்டர் வேண்டாம். கொஞ்சம் கரண்ட் கசிந்தாலே எரிந்து காட்டும், மீட்டரைப் போலவே ஏமாற்றும். ஆக்சுவேட்டரில் ஒயர்கள் மாட்டும் பிளக்கான கப்ளரைக் கழற்றி, மோட்டாருக்குப் போகும் இரண்டு பின்களில் பல்பைக் கோர்த்து, ஒருவரை லாக் அழுத்தச் சொல்லுங்கள். பல்பு ஒரு கணம் பளீரென்று மின்ன வேண்டும். அன்லாக் அழுத்தினாலும் அதேபோல மின்ன வேண்டும். இரண்டுக்கும் பளீர் என்றால் ஒயரிங் நன்றாக இருக்கிறது, மோட்டாரை மாற்றலாம். மங்கலாக மின்னினால் வழியில் எங்கோ இழைகள் அறுந்திருக்கின்றன அல்லது கப்ளரில் பச்சை படிந்திருக்கிறது. மின்னவே இல்லை என்றால் பின்னோக்கிப் போங்கள். பில்லர் பக்கக் கப்ளரில் அதே சோதனை செய்யுங்கள். அங்கே மின்னி, கதவுக்குள் மின்னவில்லை என்றால் இரண்டுக்கும் நடுவே இருப்பது ரப்பர் பூட் மட்டும்தான்.

மோட்டாரையும் தனியே சோதித்துவிடலாம். 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட இரண்டு ஒயரைப் பேட்டரியிலிருந்து கொண்டுவந்து மோட்டாரின் இரண்டு பின்களில் ஒரு நொடி மட்டும் தொடுங்கள், பிறகு மாற்றித் தொடுங்கள். இரு பக்கமும் துள்ளினால் நல்லது. தட்டினால் மட்டும் ஓடினால் மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, அதிக நாள் தாங்காது. தொடர்ந்து அழுத்திப் பிடிக்கக் கூடாது. பல ஆக்சுவேட்டர்களுக்குள் சூடானால் கரண்டைத் தடுக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பிள்ளைகள் ரிமோட்டை வைத்து விளையாடி, திறந்து மூடித் திறந்து மூடி, திடீரென்று நின்றுபோவது இதனால்தான். சற்று நேரம் ஆறவிட்டால் தானாக வேலை செய்யும். அதைப் பழுது என்று நினைத்துக் கதவைக் கழற்றுபவர்களும் இருக்கிறார்கள்.

ஒயரில் ஊசி குத்திச் சோதிக்கும் பழக்கத்தை விட வேண்டும். குத்திய துளை வழியாக ஈரம் ஏறும். திருவான்மியூர், எண்ணூர் போலக் கடற்காற்று அடிக்கும் பகுதிகளில் சில மாதத்தில் அந்த இடத்தில் செம்பு பச்சையாகப் பொடிந்துவிடும். கப்ளரின் பின்பக்கமாகப் பின்னைத் தொட்டுப் பார்த்தால் போதும். மஞ்சள் கப்ளர், மஞ்சள் ஸ்லீவ் எங்கே கண்டாலும் கை வைக்காதீர்கள், அது ஏர்பேக் லைன். அதில் பல்பு வைத்துப் பார்ப்பது விபரீதம்.

நான்கு கதவும் சேர்ந்து செத்துவிட்டால் கதவுகளைத் தொடவே வேண்டாம். பேட்டரி, ஃபியூஸ், எர்த், ரிலே என்ற வரிசையில் போங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போய்விட்டால் லாக் சோர்ந்துதான் அடிக்கும். எஞ்சின் ஓடும்போது மட்டும் நன்றாகப் பூட்டினால் காரணம் பேட்டரி அல்லது எர்த். டாஷ்போர்டின் ஓரத்தில், காலடிப் பக்கம் பாடியில் முறுக்கியிருக்கும் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி இறுக்கினாலே சரியாகும் வண்டிகள் நிறைய. எர்த் சரிதானா என்று அறிய, லாக் அழுத்தும் நேரத்தில் எர்த் ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே வோல்டேஜ் பாருங்கள். 0.2-க்கு மேல் போனால் அங்கே தடை இருக்கிறது.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மயிரிழை போல விரிசல் விட்டிருந்தால் தெரியாது. முதுகில் இருக்கும் இரண்டு உலோகப் புள்ளியிலும் டெஸ்ட் லேம்ப் எரிகிறதா என்று பாருங்கள். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று 15-க்குப் பதில் 20, 30 ஆம்பியர் போடுவது ஒயரை எரிப்பதற்குச் சமம். வெறும் கம்பியைச் சுற்றுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஷார்ட்டைக் கண்டுபிடிக்கவும் அதே 21 வாட் பல்புதான். நான்கு கதவின் மோட்டார் கப்ளரையும் கழற்றிவிட்டு, ஃபியூஸ் இடத்தில் பல்பைக் கோர்த்து லாக், அன்லாக் இரண்டையும் அழுத்துங்கள். மோட்டாரே இல்லாதபோது பல்பு பளீரென்று எரிந்தால் ஒயர் எங்கோ தகரத்தைத் தொடுகிறது. ஒவ்வொரு ரப்பர் பூட்டாக ஆட்டிக்கொண்டே பல்பைக் கவனித்தால் குற்றவாளி தெரிந்துவிடும்.

ரிலேயில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லாக் கதவும் திறக்கிறது, ஆனால் ஒன்றும் பூட்டவில்லை என்று வந்தால் எல்லோரும் லாக் ரிலேயைத்தான் மாற்றுவார்கள். பூட்டும்போது பிளஸைத் தருவது லாக் ரிலே, எர்த்தைத் தருவதோ சும்மா இருக்கும் அன்லாக் ரிலேயின் மூடிய கான்டாக்ட். அந்தக் கான்டாக்ட் கருகியிருந்தாலும் பூட்டாது. ஆகவே பூட்டாத வண்டியில் அன்லாக் ரிலேயையும், திறக்காத வண்டியில் லாக் ரிலேயையும் சேர்த்தே பாருங்கள். இன்னொன்று: ஒரு கதவு மட்டும் பூட்டுகிறது, ஆனால் திறக்கவில்லை என்றால் அறுந்த ஒயர் காரணமாக இருக்க முடியாது. இரண்டு வேலைக்கும் அதே இரண்டு ஒயர்தான். ஒன்று அறுந்தால் இரண்டுமே நிற்கும். லாட்ச் இறுகியதோ, சோர்ந்த மோட்டாரோதான் அங்கே காரணம்.

ரிமோட்டில் மட்டும் வேலை செய்யாமல், உள்ளே இருக்கும் சுவிட்சில் வேலை செய்தால் கதவுகள் நிரபராதி. பல ரிமோட்டுகளில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் செல் இருக்கும். 2.8-க்குக் கீழே போனால் மாற்றிவிடுங்கள். டிவி ரிமோட்டைப் போல மொபைல் கேமராவில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பது இங்கே பலிக்காது. இது ரேடியோ அலை.

பூட்டியதும் தானாகத் திறந்துகொள்கிறது, அல்லது யாரும் தொடாமலே டக் டக் என்று அடிக்கிறது என்பது வேறு வகை. பழைய வண்டிகளிலும் வெளியே வாங்கிப் போட்ட செட்களிலும் டிரைவர் கதவின் ஆக்சுவேட்டருக்கு இரண்டு அல்ல, ஐந்து ஒயர். இரண்டு மோட்டாருக்கு, மூன்று உள்ளிருக்கும் சின்ன சுவிட்சுக்கு. அந்தச் சுவிட்ச் தரும் செய்தியை வைத்துத்தான் மற்ற மூன்றும் நகரும். அதன் கான்டாக்ட் தேய்ந்தாலோ ஈரமானாலோ முரண்பட்ட செய்தி போகும். மீட்டரை ஓம் நிலையில் வைத்து, கப்ளரைக் கழற்றிவிட்டு, பொது ஒயருக்கும் மற்ற இரண்டுக்கும் இடையே பாருங்கள். பூட்டிய நிலையில் ஒன்று கிட்டத்தட்ட பூஜ்யம், மற்றது திறந்த சர்க்யூட். திறந்த நிலையில் நேர்மாறு. நடுவில் ஆடும் எண்கள் வந்தால் சுவிட்ச் போய்விட்டது. இந்த மூன்று ஒயரிலும் பல்பு வைத்துச் சோதிக்கக் கூடாது. எதிர்முனையில் இருப்பது கன்ட்ரோல் யூனிட், பல்பின் கரண்டை அது தாங்காது. புதிய கார்களில் கதவு சரியாக மூடவில்லை என்று சொல்லும் சுவிட்சும் லாட்ச்சுக்குள்ளேயே இருக்கிறது. அது மாட்டிக்கொண்டால் ரிமோட் பூட்ட மறுக்கும். மூடிய கதவைத் திறந்திருக்கிறது என்று மீட்டர் கன்சோலில் படம் காட்டும்.

அதே சுவிட்ச்தான் ராத்திரியில் பேட்டரியையும் குடிக்கும். கதவு திறந்திருப்பதாக நினைத்து வண்டி தூங்காமல் விழித்திருக்கும். சோதிக்க, கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஸ்குரூடிரைவரால் லாட்ச்சை மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். பேட்டரி மைனஸில் தொடராக மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் இணைத்து அரை மணி நேரம் விடுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இறங்கிவிட்டால் சரி. மீட்டர் இணைப்பில் இருக்கும்போது சாவியைப் போட்டுவிடாதீர்கள். முடிந்ததும் கைப்பிடியை இழுத்து லாட்ச்சை விடுவித்த பிறகே கதவைச் சாத்துங்கள், இல்லையென்றால் லாட்ச் நசுங்கும்.

தண்ணீர் ஏறிய வண்டிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்களை இந்த ஊர் மறந்திருக்காது. பல வண்டிகளில் லாக்கை ஆளும் பிசிஎம் (பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற கன்ட்ரோல் யூனிட்) டாஷ்போர்டுக்குக் கீழே, காலடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தண்ணீர் அதைத் தொடாமல் மேட் வரை மட்டும் வந்திருந்தாலும், ஒயர் கட்டு திரியைப் போல ஈரத்தை மேலே இழுத்துக்கொள்ளும். "சாவியைப் போட்டுப் பார்ப்போம், ரிமோட்டை அமுக்கிப் பார்ப்போம்" என்ற ஆவலைத்தான் முதலில் அடக்க வேண்டும். பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். மேட்டையும் அடியில் உள்ள ஃபெல்ட்டையும் எடுத்து வெயிலில் போடுங்கள். கப்ளர்களைத் திறந்து கான்டாக்ட் கிளீனர் அடித்து உலரவிட்ட பிறகே கரண்ட் கொடுங்கள். பெட்ரோலால் கழுவுவது பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், தீ ஆபத்தும் உண்டு.

மழையே இல்லாமல், வண்டியைக் கழுவும்போதும் கதவுக்குள் தண்ணீர் போகும். கண்ணாடியை ஒட்டிய வெளிரப்பர் தேய்ந்தால் இன்னும் அதிகம் போகும். கொஞ்சம் போவது இயல்பு, அதற்காகவே கதவின் அடிவிளிம்பில் வடிகால் துளைகள் உண்டு. சேறு அடைத்தால் தண்ணீர் உள்ளே தங்கி மோட்டாரை நனைக்கும். கழுவக் கொடுப்பது உப்புப் போர் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு பல்குத்தும் குச்சியால் மாதம் ஒருமுறை குத்திவிடுங்கள், செலவு இல்லை.

அறுந்த ஒயரைச் சேர்ப்பதில் எங்கள் தொழிலில் இருப்பவர்களே அதிகம் தவறுகிறார்கள். மடங்கும் இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றினால் மே மாத வெயிலில் டேப் பசையாக வழிந்து அவிழும். சால்டர் வைத்தால் அந்த இடம் விறைத்து, அதன் ஓரத்திலேயே மறுபடி அறும். சரியான வழி, ரப்பருக்குள் இருக்கும் நீளம் முழுவதையும் வெட்டியெடுத்துவிட்டு, மெல்லிய இழைகள் நிறைய உள்ள நெகிழும் ஒயரைப் போட்டு, இணைப்பை ரப்பருக்கு இரு புறமும் வெளியே கொண்டுபோய் கிரிம்ப் செய்து (உலோகக் குழாயில் நசுக்கி இணைத்து), சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுவது. மோட்டாருக்கு 1 சதுர மில்லிமீட்டர், சுவிட்ச் ஒயருக்கு 0.5 போதும். ஒன்று அறுந்திருந்தால் பக்கத்தில் உள்ளவையும் அதே வயதுதான், எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள்.

டோர் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்து எறிவது இன்னொரு கொடுமை. கதவுக்குள் வழியும் மழைநீரைக் காருக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். பசை காய்ந்திருந்தால் காயாமல் ஒட்டும் ரப்பர் பசை நாடாவான பியூட்டைல் டேப் போட்டு ஓரம் முழுக்க ஒட்ட வேண்டும். அடுத்த மழையில் மேட் நனைந்து நாறினால், யார் கதவைக் கழற்றினார்கள் என்று கேளுங்கள். லாட்ச்சுக்கு ஒயிட் லித்தியம் கிரீஸ் கொஞ்சமாகத் தடவினால் போதும். தேங்காய் எண்ணெயும் பழைய எஞ்சின் ஆயிலும் புழுதியைச் சேர்த்துக் களிம்பாக்கிவிடும்.

கார் பாகக் கடைகள் நிறைந்த ஜிபி ரோட்டிலோ வேறெங்கோ வாங்கி மாட்டும் சென்ட்ரல் லாக் செட் மோசம் என்று சொல்ல மாட்டோம், நன்றாகவே உழைக்கும். மாட்டும் விதத்தில்தான் கெடுகிறது. ராடைக் கோணலாக வளைத்தால் மோட்டார் முழுத் தூரம் தள்ளாது. கதவுத் தகரத்தில் துளை போட்டு ரப்பர் வளையம் இல்லாமல் ஒயரை விட்டால், விளிம்பு மேலுறையை அறுத்து ஒரு நாள் ஃபியூஸ் போகும். மெயின் பிளஸில் பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதா என்று மாட்டும்போதே பாருங்கள். ஒயர் நிறத்தை நம்பாதீர்கள். ஒரு செட்டில் நீலம் லாக் என்றால் இன்னொன்றில் அதுவே அன்லாக்.

இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார்கள் தயாராகும் ஊர் இது. ஆனால் அந்தக் கார்களின் ஒயரிங் வரைபடம் தெருவோரக் கடைக்காரருக்கு எளிதில் கிடைப்பதில்லை. யூகத்தில் பாகம் மாற்றும் பழக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். தயாரிப்பாளர்கள் வாரன்ட்டி முடிந்த மாடல்களுக்காவது வரைபடத்தை வெளியிட வேண்டும். ஐடிஐ வகுப்புகளில் லோடு வைத்து, அதாவது பல்பைப் போலக் கரண்ட் எடுக்கும் ஒன்றை வைத்துச் சோதிக்கும் முறையை அழுத்திச் சொல்லித்தர வேண்டும்.

பாதுகாப்பு பற்றியும் ஒரு வார்த்தை. 2019 ஜூலை 1 முதல் தயாராகும் கார்களில் மின்சாரம் இல்லாவிட்டாலும் உள்ளேயிருந்து கையால் திறக்கும் வழி கட்டாயம். வாடகைக் கார்களின் பின்கதவில் சைல்டு லாக் கூடாது என்ற விதியும் அதே நாளில் வந்தது. பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, நான்கு கதவையும் உள்ளேயிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டி நின்ற பிறகு இதைக் கற்றுக்கொள்ள முடியாது.

கடையில் நிற்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள். பல்பு வைத்துச் சோதிப்பதைக் கண்ணெதிரே காட்டச் சொல்லுங்கள். மாற்றினால் பழைய ஆக்சுவேட்டரைக் கையில் வாங்குங்கள். அதைப் பேட்டரியில் ஒரு நொடி தொட்டு, இரு பக்கமும் துள்ளினால், பணம் தருவதற்கு முன் ரப்பர் பூட்டை உருவிக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கார் எலக்ட்ரிக்கல் வேலை செய்பவர்கள்,
புதுப்பேட்டை, சென்னை – 2